வைடால் தாளும் மாமியின் வளையலும்

எங்கள் வீட்டு மர அலமாரியில், நிலப் பத்திரங்களும் பிறப்புச் சான்றிதழ்களும் வைக்கும் தட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. அதற்குள் இருவருடைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள். ஒன்று காக்காவின் மகளுடையது. மற்றது வாப்பாவின் உடன்பிறந்த தங்கை, எங்கள் மாமியுடையது. இரண்டு கட்டிலும் 'வைடால்' என்றொரு வரி உண்டு. இரண்டிலும் அந்த வரிக்கு எதிரே 'பாஸிட்டிவ்' என்றே அச்சிட்டிருக்கிறது. பிள்ளைக்கு டைபாய்டு இருந்தது. மாமிக்கு இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே நாங்கள் செய்த பிழையை எழுதி வைக்கவே இந்தப் பதிவு. நாங்கள் உடன்பிறந்தவர் நால்வர். பிழை நால்வருக்கும் பொது. ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பக்கத்து ஊரில் ஒரு வலீமா விருந்துக்குச் சென்று வந்த பன்னிரண்டாம் நாள், 13 வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கியது. முதல் நாள் உடம்பு வெதுவெதுப்பு மட்டுமே. அடுத்தடுத்த மாலைகளில் படிப்படியாக ஏறி, நான்காம் நாள் மஃரிபுக்குள் 103 டிகிரியைத் தொட்டது. தலைவலி, வறட்டு இருமல், மலச்சிக்கல். டைபாய்டு என்றால் வயிற்றுப்போக்குதான் என்று எண்ணியிருந்த எங்களுக்கு மலச்சிக்கல் குழப்பமாகவே இருந்தது. வைத்தியரைக் காண்பதற்கு முன்பாகவே நாங்களாக ஆய்வுக்கூடத்துக்குப் போய் வைடால் பார்த்தோம். 'ஓ' 1:80, 'எச்' 1:160. மருந்துக்கடையில் தாளைக் காட்டியதும், "டைபாய்டுதான்" என்று ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அதைக் கொடுக்காமல் எடுத்து வைத்தோம். அந்த வாந்தி அல்லாஹ் செய்த உதவி என்று பின்னர்தான் விளங்கியது.

எங்கள் ஊரில் அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதிய மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அஸருக்குப் பிறகு அவரிடம் அழைத்துச் சென்றோம். நாங்கள் நீட்டிய தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "காய்ச்சல் எத்தனையாவது நாள்?" என்று கேட்டார். பிறகு நாக்கைப் பார்த்தார். இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மண்ணீரலைத் தேடினார். அத்தனை காய்ச்சலுக்கு நாடி அவ்வளவு விரைவாக ஓடவில்லை என்றார். "மாத்திரை ஏதும் கொடுத்தீர்களா?" என்று அவர் கேட்க, பாராசிட்டமால் மட்டுமே என்று காக்கா சொன்னார். "நல்லது. மருந்து தொடங்கும் முன்னே இரத்தம் எடுத்துவிடுவோம்."

அதற்குப் பிறகே தாளைத் திருப்பினார். வைடால் என்பது 1896ஆம் ஆண்டு பாரிஸில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபெர்னான் வைடால் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை. அது டைபாய்டுக் கிருமியைத் தேடுவதில்லை. அக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த ஊனீரை உப்புநீரில் கலந்து மேன்மேலும் நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை கிருமிகளை ஒன்றாகத் திரளச் செய்கிறது என்று பார்ப்பார்கள். 1:160 என்றால் நூற்று அறுபது மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் திரண்டது என்று பொருள். 'ஓ' என்பது கிருமியின் மேனிக்கு எதிரான பொருள். 'எச்' அதன் வால் இழைகளுக்கு எதிரானது. முன்னது விரைவில் வந்து விரைவில் மங்கும். பின்னது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தங்கிவிடும்.

"காய்ச்சல் நான்காம் நாள். எதிர்ப்பொருள் கண்ணில் படும் அளவுக்கு ஊறவே பொதுவாக ஒரு வாரம் ஆகும். அப்படியிருக்க இந்த 1:160 எப்போது வந்தது?" என்று அவர் கேட்டார். எங்களிடம் விடை இல்லை. "முன்னே எப்போதாவது இந்தக் கிருமியோ இதன் உறவுக்கிருமியோ உள்ளே போயிருக்கலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும் வரலாம். மலேரியாவில்கூடச் சில நேரம் இப்படிக் காட்டும். நம் ஊர்த் தண்ணீரைக் குடிப்பவர்களில் பலருக்குக் காய்ச்சலே இல்லாமல் சோதித்தாலும் ஏதாவது ஓர் எண் வரும். ஒரு தாள் போதாது தம்பி. பத்து நாள் கழித்து இன்னொன்று எடுத்து, அது நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் அப்போது பேசலாம். அதுவரை பிள்ளையைக் காக்க வைக்க முடியாது."

குருதி வளர்ப்புச் சோதனைக்கென்று ஒரு சிறு குப்பியில் இரத்தம் எடுத்தார்கள். கிருமியையே வளர்த்துக் கண்ணால் காணும் வழி அது. அதுவும் எல்லா டைபாய்டையும் பிடித்துவிடாது. ஏறத்தாழப் பாதிப் பேரிடமே கிருமி வளரும் என்றும், முதல் வாரத்தில் வாய்ப்பு அதிகம், முன்னரே மாத்திரை விழுங்கியிருந்தால் வாய்ப்பு குறைவு என்றும் சொன்னார். கூடவே முழு இரத்த எண்ணிக்கை, ஈரல் சோதனை, டெங்குவுக்கு என்எஸ்1, மலேரியாவுக்கு இரத்தப் பூச்சு.

மறுநாள் மாலை தாள்கள் வந்தன. அன்றிரவை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. வெள்ளையணுக்கள் 3,900. தட்டணுக்கள் 1,12,000. ஈசினோபில் 0. ஈரல் நொதியான எஸ்ஜிபிடி 138. சோடியம் 131. இயல்பளவுக்கு மாறான எண்களையெல்லாம் ஆய்வுக்கூடம் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் பாதி தடித்த எழுத்தாகவே கிடந்தது. காக்கா அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அரை மணி நேரத்தில் ஐந்து நோய்கள் வந்து சேர்ந்தன. தட்டணு குறைந்தால் டெங்குவேதான், பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்றார் ஒருவர். எஸ்ஜிபிடி ஏறினால் மஞ்சள் காமாலை, கீழாநெல்லி அரைத்துக் கொடுங்கள் என்றார் இன்னொருவர். சவூதியிலிருந்து ஓர் உறவினர், வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்து குறைவது எலும்பு மஜ்ஜையில் ஏதோ கோளாறு, உடனே பெரிய ஊருக்குக் கொண்டு போங்கள் என்று குரல்பதிவு அனுப்பினார். அதைக் கேட்டதும் உம்மா முஸல்லாவை விரித்து அமர்ந்தவர் ஃபஜ்ர் வரை எழவில்லை.

காலையில் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்த விதத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் ஐந்து எண்களை ஐந்து நோய்களாகப் படித்திருந்தோம். அவர் ஐந்தையும் ஒரே வாக்கியமாகப் படித்தார்.

டைபாய்டுக் கிருமி குடலின் சுவரைக் கடந்து உள்ளே போனதும், அதை விழுங்கி அழிக்க வேண்டிய காவல் அணுக்களுக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. அவற்றோடு பயணம் செய்து ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் தங்குகிறது. மஜ்ஜையில் தங்குவதால் அங்கே உற்பத்தி மந்தமாகி வெள்ளையணுவும் தட்டணுவும் ஓரளவு குறைகின்றன. ஈரலில் தங்குவதால் அங்கே சிறு அழற்சி உண்டாகி நொதிகள் இரண்டு மூன்று மடங்கு கசிகின்றன. மண்ணீரல் வீங்குகிறது. பல கிருமிக் காய்ச்சல்களில் வெள்ளையணு ஏறும். டைபாய்டில் ஏறாமல் இருப்பதும் குறைவதுமே வழக்கம். ஆனால் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் ஏறவும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்றார்.

ஈசினோபில் என்ற வெள்ளையணு வகைக்கு எதிரே 0 என்று இருந்ததை அவர் பேனாவால் வட்டமிட்டார். எங்கள் குழுவில் யாருமே கவனிக்காத எண் அது. கடுமையான காய்ச்சல்களில், குறிப்பாக டைபாய்டில், அந்த அணு இரத்தத்திலிருந்து காணாமல் போய்விடும். உடல் தேறத் தொடங்கும்போது திரும்பி வரும்.

டெங்கு ஏன் இல்லை? என்எஸ்1 இல்லை, டெங்கு முற்றும்போது நீர்ச்சத்து இரத்தக் குழாய்களை விட்டுக் கசிவதால் இரத்தம் கெட்டிப்பட்டு ஹீமடோகிரிட் ஏறும், இங்கே அது ஏறவில்லை. டெங்குக் காய்ச்சல் முதல் நாளே உச்சத்தில் வந்து நிற்கும், இது படியேறி வந்திருக்கிறது. காமாலை வைரஸ் ஏன் இல்லை? அதில் எஸ்ஜிபிடி பல நூறு, ஆயிரம் என்று போகும். கண் மஞ்சளாகும் வேளையில் பெரும்பாலும் காய்ச்சல் தணிந்திருக்கும். "தட்டணுவுக்குத் தனி மருந்து, ஈரலுக்குத் தனி மருந்து என்று ஓடாதீர்கள். கிருமிக்கு மருந்து கொடுத்தால் எல்லா எண்ணும் தானாகத் திரும்பும்" என்றார். கீழாநெல்லியை உம்மா அரைத்தே வைத்திருந்தார். அது அம்மியிலேயே காய்ந்தது.

மூன்றாம் நாள் வளர்ப்புச் சோதனையில் கிருமி வளர்ந்திருப்பதாக ஆய்வுக்கூடத்திலிருந்து தகவல் வந்தது. சால்மோனெல்லா டைஃபி. சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு அது கட்டுப்படாது என்றும் செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கட்டுப்படும் என்றும் அறிக்கை சொன்னது. மருத்துவர் இரத்தம் எடுத்த மறுநாளே தொடங்கியிருந்தது இந்த இரண்டாவது மருந்தைத்தான். ஆனாலும் ஊசி தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றும்படி நாங்கள் வற்புறுத்தினோம். காக்கா சற்றுக் குரலையும் உயர்த்திவிட்டார். சரியான மருந்திலும் இறங்க ஐந்தாறு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார். "இதுவரை வெள்ளையணு குறைவாக இருக்கிறது. திடீரென்று வயிற்றுவலி வந்தாலோ, மலம் கறுத்தாலோ, குறைந்திருந்த வெள்ளையணு சட்டென்று மேலே பாய்ந்தாலோ நள்ளிரவானாலும் கதவைத் தட்டுங்கள். குடலில் ஓட்டை விழுவது அப்படித்தான் தெரியும்." அப்படி எதுவும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆறாம் நாள் ளுஹருக்குப் பிறகு பிள்ளை வியர்த்து, கஞ்சி கேட்டாள். அடுத்த தாளில் ஈசினோபில் 3 என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஓர் உறவினர் சொல் கேட்டு மீண்டும் வைடால் எடுத்தோம். 'எச்' 1:320. இன்னும் போகவில்லையே என்று ஓடியபோது மருத்துவர் சிரித்துவிட்டார். நோய் வந்து போன உடம்பில் அந்த எண் அப்படித்தான் இருக்கும். அது நெகட்டிவ் ஆகும் வரை மருந்து கொடுக்கப் புறப்பட்டால் வாழ்நாள் முழுதும் கொடுக்க நேரிடும் என்றார்.

இவ்வளவும் கேட்டறிந்த பிறகும் நாங்கள் பிழை செய்தோம். கேட்டறிந்ததனாலேயே செய்தோம் என்றும் சொல்லலாம். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தாளை எங்களிடம் கொண்டு வந்து காட்டத் தொடங்கினார்கள். எங்களுக்கும் 'ஓ', 'எச்' என்று பேசுவது பிடித்துப் போயிற்று.

2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாமிக்கு மாலை வேளைகளில் உடம்பு சுடத் தொடங்கியது. பெரிய காய்ச்சல் இல்லை, 99, 100. இரவில் வியர்வை. வலப்பக்க அடிவயிற்றில் மந்தமான வலி. மாமிக்கு 58 வயது. மாமா மௌத்தான பிறகு அடுத்த தெருவில் தனியாகவே இருக்கிறார். எதையும் வெளியே சொல்லும் இயல்பு அவருக்கு இல்லை. நாங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். 'ஓ' 1:160, 'எச்' 1:320. பிள்ளையின் எண்ணைவிட இரு மடங்கு! டைபாய்டு என்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம். மருந்துக்கடையில் ஒஃப்ளாக்ஸசின் வாங்கி ஒரு வாரம் கொடுத்தோம். காய்ச்சல் தணிந்தது. எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது. பத்து நாளில் திரும்பியது. மறுபடி வைடால்; மறுபடி அதே 1:160, அதே 1:320. எண் இறங்கவில்லை, ஆகவே நோய் போகவில்லை என்று கொண்டு அதே மாத்திரையை மறுபடியும் வாங்கினோம். எண் ஏறவும் இல்லை என்பதை நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை. முதல் தடவை ஆய்வுக்கூடம் முழு இரத்த எண்ணிக்கையையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தை நாங்கள் புரட்டவே இல்லை.

ரமளான் வந்தது. மாமி முதல் பத்து நோன்புகளைப் பிடித்தார். முகம் வாடினால் நோன்பின் களைப்பு என்றார், நாங்களும் நம்பினோம். பத்தாம் நோன்பு இஃப்தாருக்கு எங்கள் வீட்டில் இருந்தார். நோன்பு திறக்கும் துஆவுக்குக் கைகளை ஏந்தியபோது, மணிக்கட்டில் இருந்த வளையல் வழுக்கி முழங்கைவரை போய் நின்றது. சோப்புப் போட்டாலும் கழற்ற வராது என்று அவர் குறைபட்டுக்கொண்டிருந்த வளையல் அது. லாத்தா அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். அன்றிரவு தராசில் நிறுத்தினோம். 61 கிலோவாக இருந்தவர் 52.

மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி பழைய கேள்விதான். "எத்தனையாவது நாள்?" நாங்கள் விழித்தோம். மாமிதான் கணக்குச் சொன்னார். மிஃராஜ் இரவன்று பள்ளியில் பயான் கேட்கும்போதே குளிர் எடுத்தது, அதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கியது என்றார். மருத்துவர் நாட்காட்டியைப் புரட்டி எண்ணி, தாளின் தலையில் '51ஆம் நாள்' என்று எழுதினார். பிறகு நாங்கள் புரட்டாத பக்கத்தைப் புரட்டினார். வெள்ளையணு 8,600. ஈசினோபில் 4. தட்டணு 4,72,000. ஹீமோகுளோபின் 9.1. இரத்தம் படியும் வேகமான ஈஎஸ்ஆர் 94.

"பிள்ளையின் தாளை நினைவில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நினைவில் இருந்தது. அங்கே எல்லாம் இறங்கியிருந்தன. இங்கே தட்டணு ஏறியிருக்கிறது. அங்கே ஈசினோபில் மறைந்திருந்தது. இங்கே சாதாரணமாக இருக்கிறது. ஈஎஸ்ஆர் இத்தனை உயர்ந்து, இரத்தம் குறைந்து, எடை கரைந்து, ஏழு வாரம் நீண்ட காய்ச்சலுக்கு டைபாய்டின் சாயல் இல்லை என்றார். காசநோயை முதலில் ஐயுற வேண்டும். வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். நாங்கள் கொடுத்த ஒஃப்ளாக்ஸசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. அதனால்தான் தணிந்து தணிந்து திரும்பியிருக்கிறது, கண்டுபிடிப்பதும் தள்ளிப் போயிருக்கிறது. இதை அவர் எங்களைக் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மாவட்டத் தலைநகரில் ஸ்கேன் எடுத்து, குடலுக்குள் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் காசநோய். டைபாய்டுக் கிருமி புண் உண்டாக்கும் கடைசிச் சிறுகுடலும் அதை ஒட்டியதுதான் என்று பிறகு அறிந்தோம். ஒரே இடத்தில் இரு வேறு நோய்கள்.

சிறு வயதில் மீலாது விழாப் பேச்சுப் போட்டிகளில் அர்ராஸியின் பெயரை நாங்கள் உரக்கச் சொல்லிப் பரிசு வாங்கியதுண்டு. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதியவர் என்பது மனப்பாடம். எப்படி வேறுபடுத்தினார் என்பதை அன்று யாரும் சொல்லித்தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, குமட்டலும் மனப்பதற்றமும் தட்டம்மையில் மிகுதி என்று படுக்கையருகே பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த நாட்களில் அது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

மாமிக்கு ஆறு மாத மருந்து, அரசு காசநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தது. நோன்பை விடும்படி மருத்துவர் சொன்னபோது அவர் இசையவில்லை. பள்ளி இமாம் வீட்டுக்கே வந்து, நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துச் சொன்ன பின்னரே தண்ணீரைக் கையில் வாங்கினார். இரண்டாம் மாதம் எடுத்த தாளில் எஸ்ஜிபிடி 71 என்று தடித்த எழுத்தில் வந்தது. இம்முறை அதை யாரும் குழுவில் போடவில்லை. தாளின் தலையில் 'மருந்து தொடங்கி 58ஆம் நாள், வாந்தி இல்லை, கண் மஞ்சள் இல்லை, பசி உண்டு' என்று லாத்தா எழுதினார்; அதை மருத்துவரிடம் கொண்டு போனோம். மாத்திரையே சிலருக்கு ஈரலில் இந்த அளவு உயர்வை உண்டாக்கும், தொடரலாம், இரு வாரத்தில் மறுபடி பார்ப்போம் என்றார். இரு வாரத்தில் இறங்கியிருந்தது.

அக்டோபரில் மருந்து முடிந்தது. எடை 59. வளையலைக் கழற்ற இப்போது மறுபடியும் சோப்பு வேண்டியிருக்கிறது. அந்த ரமளானில் விடுபட்ட நோன்புகள் பத்தொன்பது. திங்களும் வியாழனுமாக மாமி அவற்றைப் பிடித்து வருகிறார். ஒவ்வொரு முறையும் ஸஹருக்கு நால்வரில் ஒருவர் அவர் வீட்டில் தங்குகிறோம். பன்னிரண்டு முடிந்திருக்கின்றன, இன்னும் ஏழு பாக்கி.